புள்ளும் நிலமும்

தமிழ்ச் செய்யுளில் பறவை தனித்து வருதல் அரிது. அஃது ஒரு மரத்தின்மேல் இருக்கும். அன்றேல் ஒரு நீர்த்துறையில் நிற்கும். ஒரு குறித்த பொழுதில் குரல் எழுப்பும். அதன் செயல் தலைவியின் துயரையோ தலைவனின் வரவையோ சுட்டி நிற்கும். தொல்காப்பியர் தெய்வம், உணவு, விலங்கு, மரம் முதலியவற்றோடு புள்ளையும் கருப்பொருளாக எண்ணினார். பின்வந்த இலக்கண நூலார் குறிஞ்சிக்கு மயிலும் கிளியும், முல்லைக்குக் கானக்கோழியும், மருதத்துக்கு நாரையும், நெய்தலுக்குக் கடற்காக்கையும், பாலைக்குப் பருந்தும் கழுகும் என வகுத்துரைத்தனர். ஐங்குறுநூற்றுள் குறிஞ்சிப் பகுதியில் கிள்ளைப் பத்தும் மஞ்ஞைப் பத்தும், நெய்தற் பகுதியில் சிறுவெண்காக்கைப் பத்தும் வெள்ளாங்குருகுப் பத்தும் இடம்பெறுதலை ஆசிரியர் பலரும் அறிவர். இந்த வைப்புமுறையின் உட்பொருள் தெளிவானது. நிலத்தினின்று பிரிக்கப்பெற்ற புள் தன் பொருளில் பாதியை இழந்துவிடும்.

இவ்வுண்மை இக்காலத்துப் புதிய கலை ஒன்றினை மதிப்பிடுதற்கும் உரைகல்லாக உதவும். கோலாலம்பூரிலும் அதனைச் சூழ்ந்த கிள்ளான் பள்ளத்தாக்கிலும் வீட்டுத் தோட்டத்துப் பறவைகளை நெடிய வில்லைகளைக் கொண்டு புகைப்படம் எடுப்போர் பலர் உளர். அலுவலுக்குச் செல்லுமுன் கிடைக்கும் ஒரு மணி நேரத்தில், தாமான் வீட்டின் பின்வாயிற்படியில் அமர்ந்தபடியே தேன்சிட்டையும் கொண்டைக்குருவியையும் மீன்கொத்தியையும் படம்பிடிப்பார் அவருள் உண்டு. அப்படங்கள் நாட்காட்டிகளிலும் பள்ளிச் சுவர்களிலும் கைப்பேசித் திரைகளிலும் இடம்பெறுகின்றன. குருவியையும் குயிலையும் பற்றிய தமிழ்ப் பாடங்களுக்குத் துணையாகவும் அமைகின்றன. ஆதலின், அவற்றுள் நல்ல படம் எது என்னும் வினா கலைஞருக்கு மட்டும் உரியதன்று. தமிழ் கற்பிப்பார்க்கும் உரியது.

வில்லையின் இயல்பு

டெலிபோட்டோ என வழங்கும் நெடுங்குவிய வில்லையின் செயலை முதற்கண் அறிதல் வேண்டும். 35 மில்லிமீட்டர்ப் படச்சுருளுக்குரிய கருவியில் 50 மில்லிமீட்டர் குவியத் தூரமுடைய வில்லையே பொதுவில்லையாகக் கொள்ளப்பட்டது. குவியத் தூரம் 500 மில்லிமீட்டராக உயரின், அதே தொலைவிலுள்ள பொருளின் உருவம் பத்து மடங்கு பெரிதாக விழும். செம்பருத்திச் செடியில் வந்தமரும் தேன்சிட்டு ஏறத்தாழ 11 சென்டிமீட்டர் நீளமுடையது. அதனை 5 மீட்டர் தொலைவிலிருந்து பொதுவில்லையால் எடுப்பின், படச்சட்டத்தில் ஒரு மில்லிமீட்டரைச் சிறிதே கடந்த புள்ளியாகத் தோன்றும். 500 மில்லிமீட்டர் வில்லையால் எடுப்பின், சட்டத்தின் 36 மில்லிமீட்டர் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கினை அதன் உடல் நிரப்பும். அலகின் வளைவும் கண்ணின் ஒளியும் கழுத்திலுள்ள கருநீல மினுமினுப்பும் அப்பொழுது புலனாகும்.

உருவம் பெரிதாகுங்கால் தெளிவின் ஆழம் குறுகும். அதே வில்லையைத் துளை எண் 5.6 இல் வைத்து 5 மீட்டரிலுள்ள பறவையைக் குவியப்படுத்தினால், முன்னும் பின்னுமாகத் தெளிந்து தோன்றும் ஆழம் மூன்று சென்டிமீட்டரை ஒட்டியதே. பறவை 10 மீட்டரில் இருப்பின் அவ்வாழம் ஏறத்தாழ 13 சென்டிமீட்டராகும். துளையைச் சுருக்கி எண் 11 இல் வைத்தால் ஆழம் ஏறக்குறைய இருமடங்காகும்; ஆனால் உட்புகும் ஒளி நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். ஒளி குறைந்தால் படமெடுக்கும் நேரத்தை நீட்ட வேண்டும். நேரம் நீண்டால் பறவையின் அசைவும் கையின் நடுக்கமும் உருவைக் கலைக்கும். நடுக்கத்தைத் தாங்கும் அமைப்பில்லாத 500 மில்லிமீட்டர் வில்லையைக் கையிற் பிடித்து எடுப்போர், ஒரு நொடியின் ஐந்நூற்றில் ஒரு பங்குக்கு மேற்படாமல் படத்தை முடித்தல் வேண்டும் என்பது வழிவழி வந்த விதி.

இவற்றோடு இந்நிலத்தின் ஒளியும் ஓர் இடர்ப்பாடு. கிள்ளான் பள்ளத்தாக்கு நிலநடுக்கோட்டிற்கு வடக்கே 3 பாகை அளவில் அமைந்தது. முற்பகல் முதிர்வதற்குள் கதிரவன் உயர்ந்துவிட, இலைநிழல் கரியதாகவும் வானம் வெளிறியும் போய்விடும். ஒளி கனிந்து நிற்கும் காலைப்பொழுது சிறிது. இத்தனை நெருக்கடிக்கிடையே படமெடுப்போர் துளையை அகலத் திறந்து வைத்தலே எளிய வழி. அதன் பயனாகப் பறவை கூரிய தெளிவுடன் நிற்க, அதன் பின்னுள்ள மரமும் வேலியும் சுவரும் பசும்புகைபோல் கரைந்து மறைகின்றன. இக்கரைவு வில்லையின் இயல்பிலிருந்து பிறந்தது. நாளடைவில் அதுவே அழகின் இலக்கணமாகக் கொள்ளப்பட்டுவிட்டது. ஆராயவேண்டிய இடம் இதுவே.

முன்னோர் இருவர்

இக்கலையின் வரலாற்றில் இருவர் நெறிகளை ஒப்பிடுதல் பயன்தரும். ஒருவர் கோலாலம்பூரிலே பிறந்தவர். மற்றவர் திருநெல்வேலியிலே பிறந்தவர்.

கோலாலம்பூரின் பெருஞ்சாலை ஒன்றுக்குப் பெயரளித்த லோக் இயூவின் மகனார் லோக் வான் தோ 1915ஆம் ஆண்டு பிறந்தார். கேத்தே திரைப்பட நிறுவனத்தின் தலைவராக அவரை உலகம் அறியும். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூரை விட்டுக் கப்பலேறிய அவர், அக்கப்பல் குண்டுவீச்சுக்கு இலக்காகியும் உயிர்பிழைத்து இந்தியாவை அடைந்தார். பம்பாயில் பறவையியல் அறிஞர் சாலிம் அலியின் நட்பைப் பெற்றார். போர் முடிந்த பின்னரும் அவருடன் பறவைகளைத் தேடிப் பயணங்கள் மேற்கொண்டார். ‘எ கம்பெனி ஆஃப் பேர்ட்ஸ்’ என்னும் அவரது படநூல் 1957இல் இலண்டனில் வெளிவந்தது. 1964 ஜூனில் தைவானில் நேர்ந்த விமான விபத்தில் அவர் மறைந்தார்.

அவர் காலத்துப் படச்சுருள் ஒளியை மெல்லவே ஏற்றது. நீண்ட வில்லைகளும் இன்றைய திறம் பெற்றிருக்கவில்லை. ஆதலின் கூட்டின் அருகே துணியாலும் தழையாலும் மறைவிடம் அமைத்து, அதனுள் பல மணி நேரம் அசையாதிருந்து, மின்னொளி விளக்கின் துணையால் எடுத்தலே அந்நாளைய வழக்கம். பறவை எங்குத் திரிந்தாலும் தன் கூட்டிற்கு மீளும் என்பதே அம்முறையின் அடிப்படை. அதனால் அக்காலப் படங்களில் கூடும், கூடமைந்த கிளையும், குஞ்சுக்கு ஊட்டும் செயலும் இன்றியமையாதனவாக அமைந்தன. கருவியின் குறையே படத்தில் வாழ்க்கையைக் கொணர்ந்து சேர்த்தது எனலாம்.

மா. கிருஷ்ணன் (1912–1996) பத்மாவதி சரித்திரம் எழுதிய அ. மாதவையாவின் மகனார். 1950 முதல் தம் மறைவு வரை ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் இயற்கையைப் பற்றித் தொடர்ந்து எழுதினார். தமிழிலும் எழுதினார், அக்கட்டுரைகளுட் பல தியடோர் பாஸ்கரனால் தொகுக்கப்பெற்று ‘மழைக்காலமும் குயிலோசையும்’ என்னும் நூலாயின. அவர் கறுப்பு வெள்ளைப் படங்களையே எடுத்தார். வெவ்வேறு கருவிகளின் உறுப்புகளைச் சேர்த்துத் தாமே பொருத்திய கருவி ஒன்றையும் கையாண்டார். யானையையும் புலியையும் எழுதிய அதே ஈடுபாட்டுடன் காக்கையையும் குயிலையும் அணிலையும் எழுதினார். வீட்டைச் சூழ்ந்து வாழும் எளிய உயிர்கள் ஆராய்ச்சிக்கும் கலைக்கும் தகுதியுடையன என்பதை நிலைநாட்டியது அவரது பெருந்தொண்டு.

இவ்விருவர்க்கும் பொதுவான பண்பு ஒன்றுண்டு. பறவை என்ன செய்கிறது என்பதை அறிந்த பின்னரே கருவியைத் தொட்டனர். கூட்டருகே நாள்முழுதும் காத்திருந்தவருக்கும், நாற்பத்தாறு ஆண்டுகள் இடைவிடாது எழுதியவருக்கும் பார்வை முந்தியது, படம் பிந்தியது.

முகமும் நிலமும்

இன்றைய தோட்டப் படங்களுட் பெரும்பான்மையானவை பறவையின் முகத்தைக் காட்டுகின்றன, நிலத்தைக் காட்டுவதில்லை. பக்கவாட்டில் அமர்ந்த ஒரு பறவை, கண்ணில் ஓர் ஒளிப்புள்ளி, பின்னே ஒருநிறப் பசுமை. இப்படியொரு படத்தைக் கிள்ளானில் எடுத்தது என்றும் சொல்லலாம். பாங்காக்கில் எடுத்தது என்றும் சொல்லலாம். கூண்டிலே வைத்து எடுத்தது என்றாலும் மறுப்பதற்கு வழியில்லை. பத்துப் பறவைகளை இவ்வாறு வரிசையாகக் கண்டபின் பதினொன்றாவதில் நெஞ்சம் பதிவதில்லை. குறை பறவையினிடத்தில் இல்லை. இடமும் பொழுதும் செயலும் இல்லாதவழி, நினைவு பற்றிக்கொள்ளக் கொழுகொம்பு இல்லாது போகிறது.

மின்கம்பியும் வடிகாலும் துணி உலர்த்தும் கொடியும் படத்தின் அழகைக் கெடுக்கும் என்று அஞ்சி அவற்றை விலக்குவோர் உண்டு. அவற்றைக் கணிப்பொறியில் அழித்துவிடுவோரும் உண்டு. ஆயின் கிள்ளான் பள்ளத்தாக்கின் தோட்டத்துப் பறவைக்கு இவையே வாழிடம். மைனா எனப்படும் நாகணவாய் கூரையின் இடுக்கிலும் தெருவிளக்கின் பொந்திலும் கூடு வைக்கிறது. புள்ளிப்புறா மின்கம்பியில் அமர்ந்து கூவுகிறது. மீன்கொத்தி வடிகாலின் விளிம்பில் நின்று தவளைக்கும் ஓணானுக்கும் காத்திருக்கிறது. தேன்சிட்டோ, சிலந்தி நூலால் பின்னிய பைபோன்ற கூட்டினை முன்றிலில் தொங்கும் பூத்தொட்டியிலே கட்டிவிடுகிறது. மலைசார்ந்த நிலமும் வயல்சார்ந்த நிலமும் போல, ‘மனையும் மனை சார்ந்த இடமும்’ எனப் புதிய நிலம் ஒன்று இங்கே உருவாகியுள்ளது. முருங்கையும் கறிவேப்பிலையும் பப்பாளியும் வாழையும் அதன் மரங்கள். வேலியும் கம்பியும் அதன் கிளைகள். அந்நிலத்தை மறைத்துப் பறவையை மட்டும் எடுத்தல், நெய்தற் பாட்டில் கடலை நீக்கி நாரையை மட்டும் வைத்தல் போல்வதாகும்.

புழுக்களை இரையாக வைத்துப் பறவையை அழைத்து, அழகிய பாசிபடர்ந்த கிளை ஒன்றை நட்டு, அதன்மேல் அஃது அமரும்பொழுது எடுப்பதும் இன்று வழக்கமாகி வருகிறது. இதனைத் திணைமயக்கம் என்றுகூடச் சொல்ல இயலாது. மயக்கத்துக்கும் தமிழில் ஒரு முறைமை உண்டு. பறவை தானே தேர்ந்து அமராத கிளை, எந்நிலத்துக் கருப்பொருளும் ஆகாது.

அகராதிப் படம்

இதற்கு ஒரு மறுப்பு எழக்கூடும். பறவையின் இறகையும் அலகையும் நுணுகிக் காட்டும் படமே அதன் இனத்தை அறிய உதவுகிறது. மரமும் வேலியும் கலந்து கிடப்பின் கண் மயங்கும் என்பர். இம்மறுப்பு பொருளுடையது, புறந்தள்ளத் தக்கதன்று. தமிழ் அகராதிகள் பல பறவைப் பெயர்களுக்கு ‘ஒருவகைப் பறவை’ என்ற அளவிலேயே பொருள் கூறி அமைந்தன. பி. எல். சாமி ‘சங்க இலக்கியத்தில் புள்ளின விளக்கம்’ என்னும் நூலில் விலங்கியல் துணைகொண்டு அப்பெயர்களை ஆராய நேர்ந்ததும் இக்குறையினாலேயே. நுண்ணிய படங்கள் இத்தகைய ஆராய்ச்சிக்குப் பெருந்துணை.

மாங்குயிலை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டு மாந்தோப்பில் வாழும் பொன்னிறப் பறவைக்குக் கண்ணை ஊடுருவிச் செல்லும் கருங்கோடு சிறிது தூரத்திலேயே நின்றுவிடும். கோலாலம்பூர்த் தோட்டங்களில் காணப்படும் பொன்னிறப் பறவைக்கோ அக்கோடு அகன்று சென்று பிடரியில் ஒன்றோடொன்று கூடி நிற்கும். இரண்டும் நெருங்கிய உறவின. எனினும் இனம் வேறு. இரண்டையும் மாங்குயில் என அழைப்பதில் தவறில்லை. ‘கரும்பிடரி மாங்குயில்’ என அடைகொடுத்து அழைத்தால் இன்னும் சிறக்கும். இவ்வேறுபாட்டைக் கண்முன் நிறுத்துவது நெடுவில்லையே.

குயில் இன்னொரு சான்று. செய்யுள் வழக்கில் குயிற்குரல் பெண்மையோடு சார்த்திப் பேசப்படுவது மிகுதி. ஆயின் ஏறிச்செல்லும் இசையுடன் கூவுவது ஆண்குயில். அது மினுங்கும் கருமையும் வெளிறிய பச்சை அலகும் செங்கண்ணும் உடையது. பெண்குயில் பழுப்பு உடலில் வெண்புள்ளிகள் நிறைந்தது. அதன் குரல் விரைந்து வெட்டும் ஒலி. புள்ளியுடைய பறவையின் படத்தை ஒட்டி, அதன்கீழ் ‘கூவும் கருங்குயில்’ என எழுதினால், மாணவன் இரு வகையிலும் ஏமாறுவான். நுண்படம் இப்பிழையைத் திருத்தும்.

ஆகவே முகங்காட்டும் படம் அகராதியைப் போன்றது. நிலங்காட்டும் படம் செய்யுளைப் போன்றது. அகராதி இன்றியமையாதது. எனினும் அகராதியைப் படித்து முடித்தவன் இலக்கியம் கற்றவனாகான். கிள்ளான் பள்ளத்தாக்கில் அகராதிப் படங்கள் நிறைந்துவிட்டன. செய்யுட் படங்களே அரியனவாயுள்ளன. அக்குறை எத்தகையது என்பதை இந்நிலத்துக் காக்கையே நன்கு விளக்கும்.

கிள்ளான் காக்கை

தோட்டப் பறவைகளின் படத்தொகுப்புகளில் காக்கை இடம்பெறுதல் அரிது. கரியது, எங்கும் உளது, குப்பையைக் கிளறுவது என்பன அதன்மேற் சாற்றப்படும் குற்றங்கள். ஆயினும் இந்நிலத்தின் வரலாற்றைத் தன்மேல் தாங்கிய பறவை அதனினும் வேறில்லை.

மனைக்காக்கை மலாயாவின் பழங்குடிப் பறவையன்று. இரப்பர் பரவுமுன் சிலாங்கூரில் காப்பித் தோட்டங்கள் செழித்த காலம் ஒன்றிருந்தது. காப்பியிலையைத் தின்றழித்த புழுக்களை ஒழிக்கும் பொருட்டு, 1890களில் இலங்கையினின்று காக்கைகள் கொணரப்பட்டுக் கிள்ளானில் விடப்பட்டன. காப்பி வீழ்ந்தது, இரப்பர் எழுந்தது, காக்கை மட்டும் நிலைத்தது. துறைமுகமும் நகரமும் வளர வளர அதுவும் பெருகிற்று. செங்கற்சூளைகளால் பெயர்பெற்ற பிரிக்ஃபீல்ட்ஸ் தெருக்களிலும் இன்று அந்தி தோறும் அதன் குரல் கேட்கிறது. பெருக்கம் மிகுந்தபோது ஊராட்சி மன்றங்கள் துப்பாக்கியால் சுட்டு அதன் தொகையைக் குறைக்க முயன்றன. குறுந்தொகையில் காக்கை கரைதலை விருந்தின் வரவோடு சேர்த்துப் பாடிக் காக்கைபாடினியார் எனப் பெயர்பெற்ற நச்செள்ளையாரை எண்ணும் தமிழாசிரியருக்கு இவ்வரலாறு சிந்தனைக்கு உரியது. ஒரே பறவை, ஒரு நிலத்தில் விருந்தறிவிப்பதாகவும் மற்றொரு நிலத்தில் விலக்கத்தக்கதாகவும் ஆயிற்று.

காக்கையைத் தொடர்ந்து குயிலின் நிலையும் மாறிற்று. தீபகற்பத்தில் குயில் முன்பு பெரும்பாலும் வடபுலத்துக் குளிர்காலத்தில் வந்து மீளும் பறவையாகவே அறியப்பட்டது. காக்கை பெருகியபின், இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், அதன் கூட்டில் முட்டையிட்டு ஆண்டுமுழுதும் தங்கும் பறவையாயிற்று. காக்கைக் கூட்டில் குயில் வளரும் செய்தி தமிழர் நெடுங்காலம் அறிந்தது. அவ்வறிவுக்குப் பொருளான உறவு, ஒரு காப்பிப் புழுவின் காரணமாகக் கடல்கடந்து கிள்ளானில் மீண்டும் அமைந்தது. விடியற்காலையில் பிரிக்ஃபீல்ட்ஸில் குயில் கூவுகிறதெனின், அக்கூவலுக்குப் பின்னே 1890களின் காப்பித் தோட்டம் உள்ளது.

இவ்வளவும் ஒரு படத்தில் அடங்கக்கூடும். காக்கை தன்னினும் வேறான புள்ளிக்குஞ்சின் வாயில் இரையை ஊட்டுகிறது. கீழே ஓட்டுக்கூரை, அருகே மின்கம்பி, பின்னே ஓங்கிய மாடிக்கட்டடம். இப்படம் எடுப்பார்க்கு முகப்பொலிவு கிடைக்காமற் போகலாம். ஆனால் பார்ப்பார்க்கு ஒரு நிலத்தின் கதை கிடைக்கும். குயிற்குஞ்சு காக்கைக்குஞ்சுகளைப் பெரும்பாலும் வெளியே தள்ளுவதில்லை, பலகால் உடன்வளரும். ஆதலின் இரு குஞ்சுகளும் ஒரே கூட்டில் வாய்திறந்து நிற்கும் காட்சியும் பொறுத்திருப்பார்க்கு வாய்க்கக்கூடும்.

கரிய பறவையை எடுப்பதற்குத் தனித்திறம் வேண்டும். வெளிறிய வானின் முன் காக்கையும் ஆண்குயிலும் இருப்பின், கருவி வானின் ஒளியை அளந்து பறவையை வெறும் நிழலாக்கிவிடும். ஒளியை ஒரு படியோ இருபடியோ கூட்டி எடுத்தால்தான் காக்கையின் சாம்பற் கழுத்தும் குயிலின் செங்கண்ணும் வெளிப்படும். வண்ணம் மிகுந்த மீன்கொத்தியை அழகுற எடுத்தலினும் கருங்காக்கையை உள்ளவாறு எடுத்தல் அரிது. அருமையால் அளப்பின் காக்கைப் படமே மேலானது.

தொலைவு என்னும் அறம்

நெடுவில்லை பறவையை அண்மைக்குக் கொணர்கிறது என்று புகழ்வது வழக்கம். அதன் உண்மைச் சிறப்பு பிறிதொன்று. அது மனிதனைத் தொலைவில் நிறுத்துகிறது. லோக் வான் தோவின் காலத்தில் கூட்டை அணுகாமல் படம் எடுத்தல் அரிதாயிருந்தது. இன்றோ 10 மீட்டருக்கு அப்பால், சாளரத்தின் திரைக்குப் பின்னே அமர்ந்தபடி எடுக்கலாம். பறவை தன்னை ஒருவர் நோக்குகிறார் என்பதை அறியாமலே தன் தொழிலைச் செய்யும். அந்நிலையில்தான் அதன் இயல்பு வெளிப்படும்.

இந்நன்மை கைவந்த பின்னரும் கூட்டை மறைக்கும் இலைகளைக் கொய்து வழி திறப்போர் உளர். அவ்விலைகள் வெயிலுக்குக் குடை. காக்கையின் கண்ணுக்குத் திரை. அவற்றை நீக்கினால், இறகு முளையாத குஞ்சு நண்பகல் வெம்மையில் வாடும். அன்றேல் பிற உயிர்க்கு இரையாகும். பதிவுசெய்த குரலைத் திரும்பத் திரும்ப ஒலிக்கச் செய்து ஆண்பறவையை வரவழைப்போரும் உளர். தன் எல்லையில் பகை புகுந்ததாக எண்ணி அப்பறவை உணவையும் துணையையும் விட்டுக் கிளைதோறும் அலையும். அவ்வாறு எடுத்த படத்தில் காணப்படுவது பறவையின் பாட்டன்று, அதன் அச்சம். பார்ப்பவர் அதனை அறியாமல் அழகு என்று பாராட்டுகிறார். படத்தின் அறம் குன்றுமிடத்து அதன் வாய்மையும் குன்றுதல் இதனால் விளங்கும்.

தொலைவைத் தக்கவாறு பயன்கொண்டால் நிலத்தையும் காக்கலாம். 5 மீட்டரை 10 மீட்டராக்கினால் பறவையின் உரு பாதியாகும்; தெளிவின் ஆழமோ நான்கு மடங்காகும். கிளையும் கனியும் கூட்டின் வாயிலும் அவ்வாழத்துள் வந்து சேரும். பறவை சட்டத்தில் ஆறிலொரு பங்காகச் சுருங்கினும், அதன் வாழ்க்கை எஞ்சிய ஐந்து பங்கில் விரியும். பின்னடி வைத்தலே பல படங்களுக்கு வேண்டிய திருத்தம்.

வகுப்பறையில்

படத்தைத் தேர்ந்தெடுக்கும் ஆசிரியர் ஐந்து வினாக்களை எழுப்பலாம். இப்பறவை யாது? எம்மரத்தில் அல்லது எப்பொருளின்மேல் உள்ளது? பொழுது யாது? என்ன செய்கிறது? எவ்விடத்தது? முகங்காட்டும் படம் பெரும்பாலும் முதல் வினாவிற்கு மட்டும் விடைதரும். ஐந்திற்கும் விடைதரும் படம் கருப்பொருளைக் கற்பிக்கும் பாடமாகவே அமையும். செம்பருத்தியின் இதழடியைத் துளைத்துத் தேனுறிஞ்சும் சிட்டின் படத்தைக் கண்ட மாணவனுக்கு, மரமும் புள்ளும் தொழிலும் ஒன்றையொன்று சார்ந்து நிற்றலை விளக்க நெடிய உரை வேண்டா.

மாணவரையே இத்தொழிலில் ஈடுபடுத்தலாம். விலையுயர்ந்த வில்லை எல்லார்க்கும் இயலாது. அது முதல் தேவையும் அன்று. தன் வீட்டுப் பின்புறத்தில் ஒரு திங்கள் காலைதோறும் கால்மணி நேரம் அமர்ந்து, கண்டதை மேற்கூறிய ஐந்து தலைப்பில் எழுதிவரும் மாணவன், எதனைப் படமெடுக்க வேண்டும் என்பதைத் தானே அறிவான். கிள்ளானில் வாழும் பிள்ளை தமிழ்நாட்டுப் பறவைகளின் பெயரைப் பாடநூலிற் கற்று, தன் வீட்டு முருங்கையில் அமரும் பறவைக்குத் தமிழில் பெயரறியாது நிற்றல் வருந்தத்தக்கது. அப்பெயர் வழக்கில் இல்லையாயின் மாநிறம், அலகு, குரல், செயல் நோக்கி அடைகொடுத்து ஆக்கிக்கொள்ளும் ஆற்றல் தமிழுக்கு உண்டு. அதற்கு வேண்டுவது கூர்ந்த பார்வை.

பழம்புலவர் கையில் வில்லை இல்லை. ஆயினும் நாரை எந்நீரில் எக்காலத்து எந்த மீனுக்காக நின்றது என்பதை அவர் அறிந்திருந்தார். இன்று கையில் 500 மில்லிமீட்டர் வில்லை இருக்கிறது. இறகின் ஒவ்வோர் இழையும் தெரிகிறது. நிற்கும் நீர் மட்டும் தெரிவதில்லை. அந்நீரையும் சட்டத்துள் கொணரும் படமே தமிழ் வகுப்பறைச் சுவரில் இடம்பெறத் தக்கது.